பழைய புடவைக்கு என்ன விலை?

2025-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் முதல் வாரம். எங்கள் அல்சூர் வீட்டுக் கூடத்தில் ஓர் அட்டைப்பெட்டி வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. உள்ளே வறுத்து அரைத்த பத்தியக் குழம்புப் பொடி, சுக்கு, கண்டந்திப்பிலி, ஒரு டப்பா பூண்டு லேகியம், துவைத்து மடித்த மூன்று பழைய பருத்திப் புடவைகள். நியூஜெர்சியில் இருக்கும் எங்கள் மகளுக்கு அக்டோபர் முதல் வாரத்தில் பிரசவம் என்று டாக்டர் நாள் குறித்திருந்தார். தலைப் பிரசவம். கூட இருக்க வேண்டிய தாய்க்கோ அப்போதுதான் முழங்கால் ஆபரேஷன் முடிந்து, கம்பு ஊன்றி நடந்துகொண்டிருந்தாள். "நான்தான் போக முடியாது, என் பெட்டியாவது போய்ச் சேரட்டும்" என்று சொல்லிச் சொல்லி அடுக்கினாள்.

பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு தபால் நிலையம் போனேன். கவுண்டரில் இருந்த பெண்மணி முகவரியைப் பார்த்ததும் தலையை ஆட்டிவிட்டார். "அமெரிக்காகெ பார்சல் பந்த் ஆகிதெ சார்!" பெங்களூருக்கு வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டபடியால் அந்தக் கன்னடம் நன்றாகவே புரிந்தது. காரணம்தான் புரியவில்லை. அமெரிக்கா எங்கும் போய்விடவில்லையே, விமானங்களும் பறக்கின்றனவே, பார்சலுக்கு மட்டும் ஏன் பந்த்?

அந்தக் காரணத்தைத் தேடப் போய் நான் தெரிந்துகொண்டவற்றை நமது சங்கத்துக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை. இன்று நம்மில் அநேகமாக எல்லா வீட்டிலும் ஒரு பிள்ளையாவது வெளிநாட்டில் இருக்கிறது. பெட்டிகள் போகின்றன, பெட்டிகள் வருகின்றன. இரண்டு பக்கமும் சுங்கச்சாவடி இருக்கிறது என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

எண்ணூறு டாலர் வாசல் மூடிய கதை

ஒரு நாளில் ஒருவருக்கு வரும் சரக்கின் மதிப்பு 800 டாலருக்குள் இருந்தால் அமெரிக்காவில் தீர்வை கிடையாது என்ற சலுகை 2016 முதல் இருந்தது. அதற்கு முன் அந்த வரம்பு 200 டாலர். சிறு பொட்டலத்துக்கெல்லாம் தீர்வை கணக்குப் போட்டு வசூலிக்க ஆகும் செலவு, கிடைக்கும் வரியைவிட அதிகம் என்பதுதான் இப்படிப்பட்ட சலுகைகளின் நியாயம். அந்த வாசல் வழியாகச் சீனத்து ஆன்லைன் கடைகள் கோடிக்கணக்கான பொட்டலங்களை அனுப்பத் தொடங்கின. 2025 மே மாதம் சீனாவுக்கும், ஆகஸ்ட் 29 முதல் உலகின் மற்ற எல்லா நாடுகளுக்கும் அந்தச் சலுகை நிறுத்தப்பட்டது.

தீர்வை உண்டு என்று உத்தரவு போட்டாயிற்று. தபாலில் வரும் பெட்டிக்கு அதை யார் வசூலிப்பது, எப்படிச் செலுத்துவது என்ற ஏற்பாடு தயாராக இல்லை. தபால் மூட்டைகளை ஏற்றிச் செல்லும் விமானக் கம்பெனிகள் 'எங்களால் ஆகாது' என்று கைவிரித்தன. ஆகவே நமது அஞ்சல் துறை ஆகஸ்ட் 25 முதல் அமெரிக்கப் பார்சல்களை நிறுத்தியது. முதலில் கடிதங்களுக்கும் 100 டாலருக்கு உட்பட்ட அன்பளிப்புகளுக்கும் விலக்கு இருந்தது. அந்த மாத முடிவில் அவையும் நின்றன. நம் நாடு மட்டுமல்ல. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பல நாட்டுத் தபால் துறைகள் அந்த நாட்களில் இதே முடிவைத்தான் எடுத்தன.

நான் பெட்டியோடு போய் நின்றது சரியாக அந்தச் சமயத்தில். சீனத்துக் கடைகளுக்குப் போட்ட பூட்டில் என் வீட்டுச் சுக்கும் திப்பிலியும் மாட்டிக்கொண்டன.

'வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்கிறோம்'

தபால் இல்லையென்றால் கூரியர். 'ஊறுகாய், பொடி, பலகாரம், பாத்திரம் எதுவானாலும் வீட்டுக்கே வந்து வாங்கி, பேக் செய்து, வெளிநாட்டில் வீட்டு வாசலில் சேர்ப்போம்' என்று விளம்பரம் செய்யும் சேவைகள் பெங்களூரில் ஏராளம். இவர்களில் பலர் சொந்தமாக அனுப்புவதில்லை. நாலு வீட்டுப் பெட்டிகளைச் சேகரித்துப் பெரிய கூரியர் கம்பெனியிடம் ஒப்படைக்கும் ஏஜெண்டுகள். நேர்மையாகத் தொழில் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு வாய்த்தவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்; பெயர் வேண்டாம்.

தராசோடு வந்தார். எடை ஏழு கிலோ. ஆனால் பன்னிரண்டு கிலோவுக்குப் பணம் கேட்டார். இதில் மோசடி இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. விமானத்தில் எடையைப் போலவே இடத்துக்கும் விலை உண்டு. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பார்கள். என் பெட்டி 50-க்கு 40-க்கு 30, பெருக்கினால் 60,000, வகுத்தால் 12. எடை, இடம் இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். பெரிய பெட்டியில் காற்றை அடைத்து அனுப்பினால் காற்றுக்கும் நாம்தான் பணம் கட்ட வேண்டும்! சின்னப் பெட்டியாகப் பார்த்து இறுக்கிக் கட்டியிருந்தால் மூவாயிரத்துச் சொச்சம் மிச்சமாகியிருக்கும்.

மோசம் வந்தது அடுத்த இடத்தில். உள்ளே இருப்பதைப் படிவத்தில் எழுதும்போது, "லேகியம், பொடி என்றெல்லாம் எழுதினால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள் சார். 'துணி சாம்பிள், பத்து டாலர்' என்று போட்டுவிடுகிறேன். தீர்வையும் வராது, தகராறும் வராது" என்றார். நானும் சரி என்று கையெழுத்துப் போட்டேன். முப்பது வருடம் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவன் நான். உள்ளே இருக்கும் சரக்கும் சீட்டில் இருக்கும் பெயரும் ஒத்துப்போகாத பெட்டியை ஒரு நாளும் உள்ளே விட்டதில்லை. சொந்தப் பெட்டி என்றதும் அந்தப் புத்தி எங்கே போயிற்றோ தெரியவில்லை.

பெட்டி மூன்றரை வாரம் கழித்துத் திரும்பி வந்தது. 'எழுதியதற்கும் உள்ளடக்கத்துக்கும் பொருத்தமில்லை' என்று சீட்டு. லேகிய டப்பாவின் மூடி கழன்று, மூன்று புடவையிலும் அப்பியிருந்தது. பணத்தைக் கேட்டேன். ரசீதின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள் என்றார். 'உள்ளடக்கம் பற்றிய அறிவிப்புக்கு அனுப்புகிறவரே பொறுப்பு' என்று பொடி எழுத்தில் இருந்தது. கீழே கையெழுத்து என்னுடையது. யாரிடம் போய் முறையிடுவது?

மனைவி ஒன்றும் சொல்லவில்லை. புடவைகளை எடுத்துக்கொண்டு போய்ச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டாள். அன்றைக்கு மகளுக்கு நாள் நெருங்கிவிட்டது.

வருகிற பெட்டிக்கும் வரி உண்டு

போகிற பெட்டியின் கதை இப்படியென்றால், வருகிற பெட்டியின் கதை வேறு. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2023-இல், எங்கள் கல்யாண நாளுக்கு மகள் ஒரு ஜோடி நடைப்பயிற்சிக் காலணியும் ஒரு கம்பளிச் சட்டையும் அனுப்பியிருந்தாள். அன்பளிப்பு என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள். தபால்காரர் பெட்டியோடு ஒரு சுங்கச் சீட்டையும் நீட்டினார். தீர்வை கட்டினால்தான் பெட்டி! பொருளின் விலையில் முக்கால் பங்குக்கு மேல் தீர்வை. "பரிசுக்கு வரியா?" என்று அவரிடம் சண்டைக்குப் போனேன். பாவம், அவர் என்ன செய்வார்?

அந்தக் கணக்கைச் சொல்கிறேன். சொந்த உபயோகத்துக்காக வரும் பொருளுக்கு அப்போது அடிப்படைத் தீர்வை 35 சதவீதம். பொருளின் விலையோடு அனுப்பும் செலவும் காப்பீடும் சேர்த்து ரூ.10,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். தீர்வை ரூ.3,500. அந்தத் தீர்வையின் மேல் பத்து சதவீதம் சமூக நல கூடுதல் வரி ரூ.350. ஆக ரூ.13,850. இந்த மொத்தத்தின் மேல் 28 சதவீதம் ஜி.எஸ்.டி., அதாவது ரூ.3,878. மூன்றையும் கூட்டினால் ரூ.7,728. வரிக்கு மேல் வரி ஏறுவதால் 35-உம் 28-உம் சேர்ந்து 63 ஆகாமல் 77 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது.

அதன் பிறகு நிலைமை சற்றுத் தணிந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாற்றப்பட்டபோது இந்த 28 சதவீதம் 18 ஆயிற்று. அடிப்படைத் தீர்வையும் படிப்படியாக இறங்கி, 2026 பட்ஜெட்டில் 20-இலிருந்து 10 சதவீதமாகக் குறைக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. ஆயினும் 'பரிசு' என்ற ஒரு சொல்லால் தீர்வை மறைந்துவிடாது என்பது மாறவில்லை.

முன்பு அப்படி இல்லை. ரூ.5,000 வரை அன்பளிப்புகளுக்குத் தீர்வை விலக்கு இருந்தது. அதைக் கெடுத்தவர்கள் நம்மைப் போன்ற அப்பா அம்மாக்கள் அல்ல. வெளிநாட்டு ஆன்லைன் கடைகள் காசு வாங்கிக்கொண்டு விற்ற சட்டையையும் செருப்பையும் ஒவ்வொன்றாகக் கட்டி 'அன்பளிப்பு' என்று சீட்டு ஒட்டி அனுப்பின. அரசாங்கம் 2019 டிசம்பர் 12-ஆம் தேதி அன்பளிப்பு என்ற பெயரில் தபாலிலும் கூரியரிலும் தீர்வையின்றி வருவதற்குத் தடை விதித்தது. முழுத் தீர்வை கட்டினால் வரலாம். விலக்கு இரண்டுக்கு மட்டும்: உயிர் காக்கும் மருந்து, ராக்கி. ராக்கிக் கயிற்றுக்கு விலக்கு உண்டு. அதோடு சேர்ந்து வரும் பரிசுக்குக் கிடையாது. நம்மவர் பொங்கல் சீருக்கு விலக்கு கேட்க யாருக்கும் தோன்றவில்லை போலும்!

மூச்சுக்கு வரி உண்டா?

இந்தச் சட்டத்தின் கூர்மை 2021 ஏப்ரல், மே மாதங்களில் தெரிந்தது. கொரோனா இரண்டாம் அலையில் பெங்களூர் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க முடியாது. வெளிநாட்டில் இருந்த பிள்ளைகள் செய்வதறியாமல் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் இயந்திரங்களை வாங்கிப் பெற்றோருக்கு அனுப்பத் துடித்தார்கள். அன்பளிப்புத் தடை குறுக்கே நின்றது. ஏப்ரல் 30 அன்று அதற்குத் தற்காலிக விலக்குக் கொடுத்தார்கள். மே 1 அன்று சொந்த உபயோகத்துக்கான இயந்திரத்தின் மீது ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தது.

டெல்லியில் 85 வயதுப் பெரியவர் ஒருவர், அமெரிக்காவிலிருந்து உறவினர் பரிசாக அனுப்பிய இயந்திரத்துக்கு அந்தப் பன்னிரண்டும் எதற்கு என்று உயர் நீதிமன்றம் போனார். மே 21 அன்று நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஜூன் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. அந்த மாதமே ஜி.எஸ்.டி. கவுன்சில் அந்த இயந்திரத்தின் மீதான வரியை 5 சதவீதமாகக் குறைத்தது. ஒரே பொருள், ஏழு வாரத்துக்குள் வரி எத்தனை முறை மாறியது பாருங்கள். 'போன வருடம் அனுப்பினேன், ஒன்றும் கேட்கவில்லை' என்ற அனுபவம் இந்த வருடத்துக்கு உதவாது.

அத்திப்பள்ளியை நினைவிருக்கிறதா?

நம் தலைமுறைக்கு இது புதிதல்ல. ஊரிலிருந்து லாரியில் சாமான் வந்தால் ஓசூர் தாண்டி அத்திப்பள்ளி செக்போஸ்டில் வரிசை கட்டி நிற்கும். கோயம்புத்தூர் கிரைண்டர் ஒன்று கூடுதலாக இருந்தால்கூட 'விற்பனைக்கா, வீட்டுக்கா?' என்ற கேள்வி வரும். தமிழ்நாடும் கர்நாடகமும் ஒரே நாடுதானே என்று அங்கே வாதம் செய்ய முடியாது. பில்லைக் காட்டினால்தான் வண்டி நகரும். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்த பிறகு வணிக வரிக்கான அந்தச் செக்போஸ்ட்கள் மறைந்தன. இன்று மதுரையில் இரவு பஸ்ஸில் ஏற்றிய பார்சலைக் காலையில் கலாசிப்பாளையத்தில் போய் எடுத்துக்கொள்கிறோம், யாரும் கேட்பதில்லை.

மாநிலங்களுக்கு நடுவே இருந்த தடுப்பு போயிற்று. நாடுகளுக்கு நடுவிலோ இருந்த சந்தும் அடைபடுகிறது. ஆஸ்திரேலியா 2018 ஜூலை முதல் குறைந்த விலை ஆன்லைன் சாமான்களுக்கும் பத்து சதவீதம் வரி போட்டது. 2021-இல் பிரிட்டனும் ஐரோப்பிய நாடுகளும் சிறு பொட்டலங்களுக்கு இருந்த வரி விலக்கை நீக்கின. சிங்கப்பூர் 2023 ஜனவரி முதல் அதே வழியில் போயிற்று. பிள்ளைகள் எந்த நாட்டில் இருந்தாலும் 'சின்னப் பொட்டலம்தானே' என்று சொல்லும் காலம் முடிந்துவிட்டது.

அனுப்புமுன் கவனிக்க

நான் பட்டுத் தெரிந்துகொண்டதை நீங்கள் படித்துத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது, போகிற நாட்டில் எது தடை என்று பிள்ளைகளை விட்டே பார்க்கச் சொல்லுங்கள். பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்காவில் விடமாட்டார்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கெடுக்கும் பூச்சி அதில் தொற்றிக்கொண்டு வரும் என்று அவர்களுக்குப் பயம். நாம் குருமாவில் போடும் கசகசா ஐக்கிய அரபு நாடுகளிலும் சிங்கப்பூரிலும் போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது, தவறியும் வைக்காதீர்கள். விளையாட்டில்லை, ஜெயில் சமாச்சாரம்.

இரண்டாவது, படிவத்தை ஏஜெண்ட் எழுதினாலும் நீங்கள் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் பெயர், எண்ணிக்கை, எடை, விலை உண்மையாக இருக்கட்டும். பெட்டியை மூடுமுன் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, தீர்வை யார் கட்டுவது, நீங்களா அங்கே வாங்குகிறவரா என்று முன்கூட்டியே கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். தீர்வை தவிர, சுங்க வேலைக்கென்று கூரியர்கள் தனியாகக் கட்டணம் போடுவதும் உண்டு. பெட்டி திரும்பி வந்தால் பணம் எவ்வளவு திரும்பும் என்றும் கேளுங்கள்.

நான்காவது, மிக முக்கியமானது. 'உங்கள் பெயரில் வெளிநாட்டுக்குப் போன பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, நாங்கள் போலீஸ், வீடியோவில் வாருங்கள்' என்று போன் வந்தால் உடனே வைத்துவிடுங்கள். பெங்களூரில் எத்தனையோ படித்தவர்களே இந்த வலையில் விழுந்து சேமிப்பை இழந்திருக்கிறார்கள். சட்டத்தில் 'டிஜிட்டல் கைது' என்று ஒன்றே கிடையாது. 'உங்கள் பார்சல் வந்திருக்கிறது, 12 மணி நேரத்துக்குள் முகவரியைச் சரிசெய்யுங்கள்' என்று தபால் துறையின் பெயரில் வரும் போலிக் குறுஞ்செய்தியும் அதே ரகம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். பெட்டி அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் இப்படி ஒரு போன் வந்தால் யாருக்கும் நெஞ்சு பதறும். அந்தப் பதற்றம்தான் அவர்களுக்கு முதலீடு.

கடைசியில்

அக்டோபர் முதல் வாரத்தில் பேத்தி பிறந்தாள். பெட்டி இங்கேயே இருந்தது. அக்டோபர் 15 அன்று அமெரிக்கத் தபால் மறுபடி திறந்தது. விற்பனைச் சரக்குக்கான தீர்வையை இங்கேயே முன்கூட்டி வசூலிக்கும் ஏற்பாட்டோடு திறந்தார்கள். தீபாவளிக்கு ஐந்து நாள்தான் இருந்தது. புதிதாகக் கிளறிய லேகியத்தோடு, இம்முறை சின்னப் பெட்டியாகக் கட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மனைவியும் கம்பை ஊன்றிக்கொண்டு கூடவே வந்தாள்.

படிவத்தை நிரப்ப உட்கார்ந்தோம். சுக்கு இவ்வளவு, திப்பிலி இவ்வளவு, மளிகைக் கடை பில்லில் இருந்ததைப் போட்டேன். அடுத்த வரியில் பேனா நின்றுவிட்டது. "பழைய புடவைக்கு என்ன விலை போடுவது?" என்று கேட்டேன்.

"அது நான் அவளைப் பெத்தப்போ கட்டினதுங்க. அதுல கிழிச்சுத்தான் அவளுக்கும் துணி போட்டேன். அதுக்கு என்ன விலைன்னு நான் சொல்ல?" என்றாள். பிறகு அவளே, "பாத்திரக்காரன் மூணு புடவைக்கு முந்நூறு ரூபாய்க்கு மேல தரமாட்டான். அதையே போடுங்க" என்றாள். போட்டேன்.

கூட்டிப் பார்த்தால் மொத்தம் மூவாயிரம் ரூபாய்கூட வரவில்லை. அதாவது நாற்பது டாலருக்கும் கீழே. 800 டாலர் வாசல் மூடிய பிறகும், தனி ஆள் தனி ஆளுக்கு அனுப்பும் அன்பளிப்புக்கு 100 டாலர் வரை அங்கே தீர்வை கேட்பதில்லை. வீட்டில் சமைத்து வீட்டாருக்குப் பரிசாக அனுப்பும் தின்பண்டத்துக்கு அவர்களுடைய உணவுத் துறை முன்னறிவிப்பும் கேட்பதில்லை. தீர்வைக்குப் பயந்துதான் அன்றைக்குத் 'துணி சாம்பிள்' என்ற அந்தப் பொய். உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தால் அதற்குத் தேவையே இருந்திருக்காது! மூன்றரை வாரத்தையும் ஒரு டப்பா லேகியத்தையும் இழந்ததுதான் மிச்சம்.

நவம்பர் முதல் வாரத்தில் மகள் வீடியோவில் வந்தாள். யாரும் ஒரு டாலர்கூடக் கேட்கவில்லையாம். பேத்திக்கு ஒரு மாதம் முடிந்திருந்தது. நீலக்கரை போட்ட துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். என் மனைவி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனுக்கு அருகில் போய்க் கரையைப் பார்த்தாள்.

"லேகிய வாசனை இன்னும் போகலைம்மா" என்றாள் மகள். "இருக்கட்டும் விடு" என்றாள் இவள்.